சிறார் தொழில்முனைவுப் பயிற்சி: விளம்பரத்தில் இல்லாத பாதிதான் நல்ல பாதி

பத்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள சிறார்களுக்கென்று நடத்தப்படும் இணையவழித் தொழில்முனைவுப் பயிற்சி ஒன்றில் என் மகளைச் சேர்த்திருந்தேன். வாரம் ஒரு நேரடி வகுப்பு, இடையில் பார்ப்பதற்குப் பதிவு செய்யப்பட்ட காணொளிகள், வீட்டுக்கே அனுப்பப்படும் அச்சுப் பயிற்சி நூல், கணக்கு எழுதுவதற்கு ஒரு செயலி, இறுதியில் ‘முதலீட்டாளர் நாள்’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி ஆகியவை சேர்ந்ததுதான் அந்தப் பயிற்சி. வகுப்புகளில் அவள் அருகில் அமர்ந்து கவனித்தேன். பயிற்சி நூலையும் முழுவதுமாகப் படித்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே அச்சில் வார்த்த பயிற்சிகளை இப்போது பலரும் நடத்துகிறார்கள். பணம் கட்டும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவையும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொதுவானவையே.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் தொழில் தொடங்கி வென்றவர்களின் கதைகளும் முதலீட்டாளர் முன் பேசும் கலையும்தான் இந்தப் பயிற்சியின் விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுகின்றன. அந்த இரண்டு பகுதிகளும்தான் பலவீனமானவை. விளம்பரத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத கணக்குப் பாடமும், ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப விற்கச் சொல்லும் பயிற்சியும்தான் கட்டிய பணத்துக்கு ஈடானவை.

முதலில் கதைகள். பயிற்சி நூலின் தொடக்கப் பகுதி, சிறு வயதிலேயே தொழில் தொடங்கியவர்களின் வாழ்க்கையை ஆளுக்கு இரண்டு பக்கமாகப் படத்துடன் சொல்கிறது. ஒவ்வொரு கதையும் ‘அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்’ என்ற பாணியில் முடிகிறது. தகவல்களில் பெரிய பிழை எதையும் நான் காணவில்லை. ஆனால், எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வில்தான் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் பற்றிய பக்கம், அவர் 11 வயதில் பங்கு வாங்கியதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பங்குகளுக்கு என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை. 1942-இல் சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்குகளைத் தனக்கு மூன்று, அக்கா டோரிஸுக்கு மூன்று என்று, பங்கு 38 டாலர் கணக்கில் அவர் வாங்கினார். விலை 27 டாலருக்குச் சரிந்தது. மீண்டும் 40 டாலருக்கு ஏறியதும், விட்டால் போதும் என்று விற்றுவிட்டார். பிறகு அதே பங்கு 200 டாலர் வரை போயிற்று. அக்காவின் பணத்தையும் சேர்த்துப் போட்டதால் ஏற்பட்ட நெருக்கடி, சிறு லாபத்தோடு தப்பித்துக்கொள்ளும் அவசரம், பின்னால் வந்த வருத்தம் ஆகியவை அனைத்தும் அந்த ஆறு பங்குகளுக்குள் இருக்கின்றன. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதை விட்டுவிட்டு ‘வாங்கினார்’ என்ற ஒற்றைச் செய்தியை மட்டும் கொடுத்திருப்பது, பழத்தைப் பிழிந்துவிட்டுச் சக்கையைப் பரிமாறியதற்குச் சமம்.

அதே பஃபெட், அதற்கும் முன்பு, தாத்தாவின் மளிகைக் கடையில் ஆறு கோகோ கோலா பாட்டில்களை 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்று 5 சென்ட் வீதம் அக்கம்பக்கத்தில் விற்றார். ஆறு பாட்டிலும் விற்றால் கிடைப்பது 5 சென்ட்தான். ஸ்வீடனில் இங்வார் கம்ப்ராட் ஐந்து வயதில் செய்ததும் இதே வேலைதான்: ஸ்டாக்ஹோமிலிருந்து மொத்தமாகத் தீப்பெட்டிகளை வரவழைத்து, ஊருக்குள் ஒவ்வொன்றாக விற்றார். பிறகு மீன், விதை, பென்சில் என்று பொருள்கள் மாறினவே தவிர, மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் முறை மாறவில்லை. 1943-இல், தம் 17-ஆம் வயதில் அவர் தொடங்கிய ஐகியா நிறுவனம் மேசை, நாற்காலி போன்ற அறைகலன்களை விற்கத் தொடங்கியது 1948-இல்தான். ஐந்து வயதுக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன. பயிற்சி நூலில் இந்த இடைவெளிக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. தீப்பெட்டி விற்றார், உலகப் பெருநிறுவனத்தை நிறுவினார் என்று ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. பிள்ளைகள் நேரடியாக இரண்டாவதைப் பற்றிக் கனவு காண்கிறார்கள். முதல் வகுப்பில் என் மகளுடன் இருந்த பிள்ளைகளிடம் என்ன தொழில் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே ஒரு செயலி செய்யப் போவதாகச் சொன்னார்கள். ஒரு பொருளை வாங்கி விற்கப் போவதாக ஒருவரும் சொல்லவில்லை.

டெல் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் டெல்லின் பக்கம் மட்டும் சற்று மேல். 16 வயதில் ஹூஸ்டன் போஸ்ட் நாளிதழுக்குச் சந்தா பிடிக்கும் வேலையில் இருந்தபோது, புதிதாக மணமானவர்களும் புதிதாக வீடு மாறியவர்களும்தான் அதிகம் சந்தா கட்டுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்ப் பட்டியலை நீதிமன்ற அலுவலகங்களிலிருந்து எடுத்து, அவர்களுக்கே கடிதம் எழுதி, அந்த ஆண்டில் ஏறத்தாழ 18,000 டாலர் ஈட்டினார். யார் வாங்குவார் என்று கண்டுபிடிப்பது ஊகம் அன்று, உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. இதற்கு அடுத்த பக்கத்தில் பிள்ளைகளே நிரப்ப வேண்டிய ஓர் அட்டவணையும் கொடுத்திருக்கிறார்கள்: உன் பொருளை வாங்கியவர் யார், வாங்காதவர் யார், இருவருக்கும் என்ன வேறுபாடு. எல்லாக் கதைகளையும் இப்படி ஒரு செயலோடு பிணைத்திருந்தால் இந்தப் பகுதியே வேறாக இருந்திருக்கும்.

இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் உறுத்திய குறை, பெரியவர்களை முற்றாக நீக்கியிருப்பது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் செஸ்டர் கிரீன்வுட், 15 வயதில், 1873-இல், பனிச்சறுக்கின்போது காது விறைத்ததால் காதுறையை உருவாக்கினார். கம்பியை வளைத்தது அவர், அதன் முனைகளில் மென்மயிர்த் துண்டுகளைத் தைத்துக் கொடுத்தது அவருடைய பாட்டி. 1877-இல் காப்புரிமை பெற்றுத் தொழிற்சாலை நடத்திய அந்த மனிதரின் முதல் தயாரிப்பில் பாதி உழைப்பு ஒரு மூதாட்டியுடையது. கம்ப்ராடின் முதல் தீப்பெட்டிக் கொள்முதலுக்கு அவருடைய அத்தை உதவினார். மும்பையில் 13 வயதில், 2018-இல், வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு செல்லும் டப்பாவாலாக்களின் வலைப்பின்னல் வழியாக ஒரே நாளில் பொட்டலங்களை உரியவரிடம் சேர்க்கும் ‘பேப்பர்ஸ் அண்ட் பார்சல்ஸ்’ நிறுவனத்தைத் திலக் மேத்தா தொடங்கியபோது, வங்கிப் பணியில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த வேலையை விட்டுவிட்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சிறுவர்களின் பெருமையை இது சற்றும் குறைக்காது. சிந்தனை அவர்களுடையது, அதைச் செயலாக்கக் கைகொடுத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். பெரியவர்களை நீக்கிவிட்டுச் சொல்லும்போது, தனியாகச் செய்து முடிக்க இயலாத பிள்ளை, குறை தன்னிடம்தான் என்று எண்ணிக்கொள்ளும். என் மகளே ஒரு மாலையில், இவர்களுக்கெல்லாம் யாருமே உதவவில்லையா என்று கேட்டாள். பயிற்சியிலிருந்து அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. மேலே உள்ள கதைகளை நான்தான் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி கணக்குப் பாடம். இதைப் பற்றி மனம் நிறைந்து எழுதலாம். மூன்று வாரங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் முதல் நாளே, ஒரு பொருளின் அடக்க விலையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் அதற்கு விலை வைக்கக் கூடாது என்ற விதியோடு தொடங்கினார். என் மகள் தேர்ந்தெடுத்தது, நூல் கோத்த புத்தக அடையாள அட்டைகள். தடித்த தாள், வண்ணம், நூல், பசை ஆகியவற்றைக் கூட்டி, பத்து அட்டைகளுக்கான செலவைப் பத்தால் வகுத்து ஒரு விலையை எழுதி வைத்திருந்தாள். ஆசிரியர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: பத்தில் எத்தனை கெட்டுப்போகும்? இரண்டு என்றாள். அப்படியானால் பத்தின் செலவை எட்டால் வகு, அதுதான் ஒன்றின் அடக்கம் என்றார் அவர். சேதாரம் என்ற ஒன்று கணக்கில் ஏறும்போது விலை எப்படிக் கால் பங்கு கூடுகிறது என்பதைத் தன் கையாலேயே போட்டுப் பார்த்த நாளில், அவள் நூலை வெட்டும் விதமே மாறிவிட்டது. கெட்டுப்போகும் இரண்டை ஒன்றாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த நாள் அவளே கணக்குப் போட்டாள்.

அடுத்த வாரத்தில் உழைப்புக்கு விலை போடும் பாடம். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் நேரத்துக்கு எதுவும் எழுதவில்லை. நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வேலை பெருகி உதவிக்கு ஆள் வைக்கும் நாளில் முதலுக்கே மோசம் வரும் என்பதை ஆசிரியர் எளிய எண்களைக் கொண்டு விளக்கினார். மூன்றாவது வாரம், வீட்டிலிருந்து வாங்கிய முதலைக் கடனாக எழுதி, விற்ற பணத்திலிருந்து தவணையாகத் திருப்பிக் கொடுக்கும் பயிற்சி. பெற்றோர் இருவரில் ஒருவர் கடன் கொடுத்தவராக ஒப்பமிட வேண்டும். திருப்பிக் கொடுத்த பிறகுதான் லாபம் என்ற தலைப்பின்கீழ் ஏதாவது எழுதலாம். இந்த ஒழுங்கு மிக நன்றாக அமைந்திருக்கிறது. பஃபெட் 13 வயதில், 1944-இல், நாளிதழ் விநியோக வருமானத்துக்கு வரிப் படிவம் தாக்கல் செய்து, மிதிவண்டியையும் கைக்கடிகாரத்தையும் தொழிற்செலவாகக் கழித்துக்கொண்டார். எது செலவு, எது சொந்தச் செலவு என்று பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை இந்தப் பாடம் பழக்குகிறது. பயிற்சி நூலில் பஃபெட்டைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான்.

கணக்குச் செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை செய்கிறது, ஆனால் வரவையும் செலவையும் பிள்ளை எழுதியதும் கூட்டலை அதுவே செய்துவிடுவதால், கையால் எழுதும்போது கிடைக்கும் பிடிப்பு கிடைப்பதில்லை. அச்சு நூலின் பின்பக்கத்தில் உள்ள கோடு போட்ட தாள்களே போதும்.

திரும்பத் திரும்ப விற்கும் பயிற்சியும் நன்று. ஒரே பொருளை ஐந்து வாரங்கள் தொடர்ந்து விற்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒன்றை மட்டும் மாற்றலாம்: விலையையோ, அளவையோ, விற்கும் நேரத்தையோ. எதை மாற்றியதால் விற்பனை கூடியது என்று அப்போதுதான் தெரியும். முதல் வாரத்தில் உறவினர்களே வாங்குவார்கள் என்பதால், இரண்டாம் வாரம் முதல் உறவினர் வாங்கியதைத் தனிப் பத்தியில் எழுதச் சொல்கிறார்கள். அன்புக்காக வாங்கியவரையும் தேவைக்காக வாங்கியவரையும் பிரித்துக் காட்டும் அந்தத் தனிப் பத்தியை வடிவமைத்தவர் சிறார்களையும் வணிகத்தையும் நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல அடித்தளத்தைப் போட்ட பிறகு, கடைசி நான்கு வாரங்களை முதலீட்டாளர் நாளுக்கான ஒத்திகையில் செலவிட்டிருப்பதுதான் வருத்தம் தருகிறது. கணக்கு ஏடு மூடப்படுகிறது. அதன் இடத்தில் படக்காட்சி, பேச்சு, உடை, கை அசைவு. முன்மாதிரியாகக் காட்டப்படுவது, மிக்கைலா உல்மர் என்ற அமெரிக்கச் சிறுமி தொழில்முனைவோர் முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் ஷார்க் டேங்க் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 2015-இல், தம் நிறுவனத்தின் 25 விழுக்காட்டுப் பங்குக்கு டேமண்ட் ஜான் என்ற முதலீட்டாளரிடம் 60,000 டாலர் முதலீடு பெற்ற கதை. ஆனால், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் அவர் தம் கொள்ளுப்பாட்டியின் பழைய குறிப்பேட்டில் இருந்த ஆளிவிதை எலுமிச்சைச் சாற்றைச் செய்து விற்கத் தொடங்கியது 2009-இல், நான்கு வயதில். தேனீக்கள் கொட்டியதால் ஏற்பட்ட அச்சம், தேனீக்களைப் பற்றிய அக்கறையாக மாறி, சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பது, லாபத்தில் ஒரு பகுதியைத் தேனீப் பாதுகாப்புக்குக் கொடுப்பது என்று அந்தத் தொழில் வளர்ந்தது. மேடை ஏறும்போது அவர் கையில் ஆண்டுக்கணக்கில் விற்ற பொருள் இருந்தது, பக்கத்தில் தந்தை இருந்தார். பயிற்சியோ மேடையில் கழிந்த சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே ஒத்திகை பார்க்கச் சொல்கிறது.

நிக் டி’அலோய்சியோவின் கதையும் இந்தப் பகுதியில்தான் வருகிறது. செய்திகளைச் சுருக்கித் தரும் ‘சம்லி’ செயலியை 2013-இல், தம் 17-ஆம் வயதில், யாஹூ நிறுவனத்துக்கு ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு விற்றவர் அவர். 12 வயதிலிருந்தே செயலிகளை எழுதிப் பழகியவர் என்பதையும், விற்பனைக்குப் பின் யாஹூ அந்தச் செயலியைத் தனியாகத் தொடராமல் மூடிவிட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கிடைத்த தொகையை மட்டும் சொன்னதால், வகுப்பில் அடுத்த அரை மணி நேரமும் தொகையைப் பற்றிய பேச்சாகவே போயிற்று.

இதே இடத்தில் எடின்பரோவின் ஃப்ரேசர் டோஹர்ட்டியைச் சேர்த்திருந்தால் எவ்வளவு பயனுடையதாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 14 வயதில் பாட்டியிடம் பழ ஜாம் செய்யக் கற்று வீடுவீடாக விற்றவர். சர்க்கரை சேர்க்காமல் திராட்சைச் சாற்றால் இனிப்பூட்டும் முறையை உருவாக்கினார். பிரிட்டனின் வெய்ட்ரோஸ் பல்பொருள் அங்காடியின் கொள்முதலாளரைச் சந்தித்தபோது உடனே ஒப்புதல் கிடைக்கவில்லை; உற்பத்திக்குத் தொழிற்சாலை வேண்டும், விலை சரிப்பட வேண்டும், உறையும் பெயரும் மாற வேண்டும் என்ற நிலையில் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே 2007-இல் ‘சூப்பர்ஜாம்’ அங்காடிகளுக்குப் போயிற்று. முதலீட்டாளர் நாளில் நடுவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாராட்டி, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மாற்றிக்கொண்டு வா என்று ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை பெற்றுக்கொண்டு போகும் பொருள் சான்றிதழைவிடப் பெரிதாக இருந்திருக்கும். என் மகள் அன்று அடக்க விலையையும் சேதாரத்தையும் ஒரு படத்தில் காட்டினாள். அதைப் பற்றி நடுவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓராண்டில் எத்தனை நாடுகளுக்கு இதைக் கொண்டு செல்வாய் என்று கேட்டார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு குறைகளும் உண்டு. தொழிலுக்குச் சமூக ஊடகப் பக்கம் தொடங்குவது வீட்டுப்பாடமாகத் தரப்படுகிறது. பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயதுக்குட்பட்டவர்களைக் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சிறார் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பரவிய வயது வரம்பு அது. பத்து வயதுப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில் இந்த வரம்பைச் சொல்லாமல் பக்கம் தொடங்கச் சொன்னால், பொய்யான பிறந்த தேதியைக் கொடுப்பதுதான் பிள்ளைகளுக்கு எஞ்சும் வழி. தொழிலின் முதல் அடியே பொய்யில் எடுத்து வைக்கப்படக் கூடாது. நான் இதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு, பெற்றோரின் கணக்கைப் பயன்படுத்தலாம் என்று ஒரு திருத்தம் அனுப்பினார்கள்.

மற்றது, சட்டம். பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அவரை முழுமையாகக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் பொருள் தருபவரும் வாங்குபவரும் வங்கியும் பெரியவர் ஒருவரின் கையொப்பத்தைக் கேட்கிறார்கள். நிறுவனம் யார் பெயரில், வங்கிக் கணக்கு யார் பெயரில், இழப்பு வந்தால் பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு வகுப்பாவது ஒதுக்கியிருக்க வேண்டும். உணவுப் பொருள் செய்ய விரும்பிய பிள்ளைகள் வகுப்பில் இருந்தும், உரிமம், சேர்மானப் பட்டியல் பற்றியெல்லாம் பேச்சே எழவில்லை.

ஆசிரியர்கள் பொறுமையானவர்கள்; குறிப்பாகக் கணக்குப் பாடம் எடுத்தவர் ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்தினார். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருந்ததும் இதற்கு உதவியது. காணொளிகளின் தரம் சுமார்.

கூட்டல், கழித்தல், வகுத்தல் சரளமாக வரும் பிள்ளைக்கு, வீட்டில் ஒருவராவது வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடியுமானால், இந்த அடிப்படை நிலைப் பயிற்சியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பேச்சுத்திறன் வளர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், அதற்கென்றே நடத்தப்படும் வகுப்புகள் இதைவிட நன்றாக இருக்கும். பிள்ளையைத் தனியாகக் கணினி முன் அமர்த்திவிட்டுப் போவதாக இருந்தால் இதில் சேர்க்க வேண்டாம்; கடன் ஏட்டில் ஒப்பமிடுவதும், உறவினர் பத்தியைச் சரிபார்ப்பதும் வீட்டுப் பெரியவர் செய்ய வேண்டிய வேலைகள், அவை இல்லாமல் நல்ல பாதியும் வீணாகும்.

அடுத்த நிலைப் பயிற்சிக்கு இப்போதே முன்பதிவு கேட்கிறார்கள். அதன் பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் மீண்டும் முதலீட்டாளர் முன் பேசுவதாகவே இருக்கிறது. கணக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஐந்து வாரத் தொடர் விற்பனையை மூன்று மாதமாக நீட்டித்துத் தருவீர்களா, கணக்குப் பாடம் எடுத்த அதே ஆசிரியர் வருவாரா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை பணம் கட்டுவதாக இல்லை. மகள் இப்போது நூலின் பின்பக்கத் தாள்களை நகலெடுத்து, அடையாள அட்டைகளின் கணக்கைத் தானே தொடர்ந்து எழுதி வருகிறாள். எங்களிடம் வாங்கிய முதலில் ஒரு தவணைதான் பாக்கி.